பன்னிரண்டு நாற்பதுக்கு இறங்கிய தடுப்புக் கட்டை

வானிலை நோக்கர் முன்னறிவிப்பு சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததையும் கருவியில் படித்ததையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். மழை வருமா வராதா என்று சொல்வது சென்னையில் வரைபடங்களோடு உட்கார்ந்திருப்பவர்களின் வேலை. எங்கள் பணியின் முதல் விதி இது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் இதை ஒரே ஒரு முறை மீறினேன்.

பென்னாகரத்தைத் தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு வனச் சோதனைச் சாவடி இருக்கிறது. இந்த ஆண்டு அங்கே தானியங்கிக் கருவி ஒன்றை நட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் என் பழைய அலுவலகத்தில் வேலை செய்பவர். சாவடி அலமாரியில் கிடந்த பழைய குறிப்பேடு ஒன்றில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். ஒரு பக்கத்தின் நடுவில் யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டு, நேரமும் குறித்திருக்கிறார்களே, அது என்ன என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தர்மபுரி டவுனில் பிறந்தவள். அத்தா தகரப் பெட்டி செய்து விற்றார். வீட்டில் படித்து அரசு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். வேலைவாய்ப்பு அலுவலகக் கடிதம், எழுத்துத் தேர்வு, சென்னையில் நான்கு மாதப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் மேகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ததும், விடுதிச் சாம்பார் சரியில்லாததும் தவிர வேறு எதுவும் இப்போது நினைவில் இல்லை. வேலையை நான் கற்றுக்கொண்டது பிறகுதான், முனிரத்தினம் சாரிடம்.

அவர் எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பம். அலுவலகம் கூட்டுகிற அம்மாவிலிருந்து கலெக்டர் வரை எல்லோரையும் ஒரே மாதிரி 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பாராட்டியதில்லை, திட்டியதுமில்லை. தவறு செய்தால், "இன்னொரு வாட்டி படிங்க" என்பார். அவ்வளவுதான்.

வெப்பமானிகள் இருக்கும் வெள்ளை மரப் பெட்டியின் கதவைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பாதரச மட்டமும் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முதலில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் படிக்க வேண்டும், முழு எண்ணைப் பிறகு. நம் உடம்புச் சூடு பட்டதும் முதலில் நகர்வது அந்தச் சின்ன எண்தான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று உண்டு. காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் அது நன்றாகக் குளிர்ந்து கீழே நிற்கும். ஈரம் கூடினால் பக்கத்துச் சாதாரண வெப்பமானியை நெருங்கி வரும். அந்தத் துணியை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், சோப்புப் படாத கையால். இவற்றை எல்லாம் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள். முனிரத்தினம் சார் சொன்னதில் புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு: நேரத்தை முதலில் எழுதுங்க, அளவை அப்புறம் எழுதுங்க. அளவு தப்பானால் அடுத்த நாள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம், நேரம் தப்பானால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பார்.

யுகாதிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். கடத்தூர், பாப்பாரப்பட்டி, இன்னும் கிழக்கே இருந்தெல்லாம் கிளம்பிப் பென்னாகரம் வந்து, காட்டுச் சாலையில் பத்து கிலோமீட்டர் இறங்கி ஒகேனக்கல் சேர்வார்கள். அங்கே பரிசலில் காவிரியைத் தாண்டி அந்தக் கரைக் காட்டு வழியாக மலையேற வேண்டும். பங்குனி மாதம். ஒரு வருடம் ஆற்றின் நடுவே திடீர்க் காற்றில் பரிசல்கள் சிக்கி, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்தார்கள். அதற்குப் பிறகு, யுகாதிக்கு முந்தைய பத்து நாட்கள் வனச் சாவடியில் ஒரு வானிலை நோக்கர் இருக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டது. யாரும் போக விரும்பவில்லை. என் மகளின் பரீட்சை முடிந்துவிட்டிருந்தது, நான் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியும் அந்த வேலை எனக்கே வந்தது.

பங்குனியின் வானிலையை அந்தச் சாவடியில்தான் முழுதாகப் பார்த்தேன். விடியற்காலை நன்றாகக் குளிரும். காட்டுக்குள் இலை உதிர்ந்து, மூங்கில் காய்ந்து, எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் சூடு ஏறும். பதினொரு மணிக்குச் சாலையோரப் புழுதி சுழன்று எழுந்து ஆள் உயரத்துக்கு ஆடிவிட்டு அடங்கும். பெரும்பாலான நாட்கள் இப்படியே போய்விடும். சில நாட்களில் மட்டும் ஈரக்காற்று உள்ளே வரும். அன்று மதியத்துக்குமேல் மேற்கு மலைகளின் மீது மேகம் கோபுரமாக எழும்பி, நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டும். மாமரக்காரர்கள் அதை மாங்காய் மழை என்று வரவேற்பார்கள், ஆலங்கட்டி விழுந்தால் திட்டுவார்கள்.

நடப்பவர்களுக்கு என் அளவுகளால் பெரிய பயன் இல்லை என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. என் வெப்பமானி நிழலில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தது. அவர்களுடைய பாதம் தாரில் இருந்தது. பாதிப் பேர் செருப்புப் போடாதவர்கள். மண்ணின் சூட்டை அளக்கும் வெப்பமானி ஒன்றை வரவழைத்துத் தார்ச் சாலையின் சூட்டை மணிக்கு ஒரு முறை எடுக்கத் தொடங்கினேன். பெட்டிக்குள் முப்பத்தேழு காட்டும்போது தார் ஐம்பத்தைந்தைத் தாண்டியது. முனிரத்தினம் சாரிடம் காட்டினேன். "இது நம்ம ரிஜிஸ்டர்ல வராதுங்க. ஆனா விடாதீங்க, தனி நோட்டு போட்டு எழுதுங்க" என்றார். அப்படி உண்டானதுதான் அந்தச் சாவடிக் குறிப்பேடு. தார்ச் சூடு, காற்று, மேகம், இடி கேட்ட நேரம், தடுப்புக் கட்டை தூக்கிய நேரம், இறக்கிய நேரம் எல்லாம் அதில் எழுதினேன்.

தடுப்புக் கட்டை வனவர் தங்கவேலின் பொறுப்பு. யானை நடமாட்டத்துக்காகக் காலை ஆறு மணிக்குத் தூக்கி மாலை ஐந்து மணிக்கு இறக்குவார். நடுவில் மூடுவது கிடையாது. அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். நான் மதியத் தொழுகைக்குச் சாவடியின் பின் அறைக்குப் போகும்போது வானத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்வார். திரும்பி வந்தால், "ஒண்ணும் வரலக்கா, ஒரு காக்கா மட்டும் போச்சு" என்பார்.

நான் சொல்ல வந்த சம்பவம் என் நான்காவது பங்குனியில் நடந்தது. மறுநாள் யுகாதி.

காலை எட்டரை மணி அளவு எடுக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. முந்தின நாள் வரை ஏழு டிகிரி கீழே நின்ற ஈர வெப்பமானி, அன்று மூன்றரை டிகிரிதான் கீழே இருந்தது. இரண்டாம் முறை படித்தேன். துணியை மாற்றிக் கால் மணி நேரம் பொறுத்து மூன்றாம் முறை படித்தேன். அதேதான். ஒரே இரவில் ஈரம் நிறைய வந்திருக்கிறது.

பதினொரு மணிக்கு உயரத்தில் மெல்லிய மேகம் பாய் விரித்த மாதிரி பரவியது. வெயில் மங்கியது. தார்ச் சூடு நாற்பத்தைந்துக்கு இறங்கியது. வழக்கமாக இந்த நேரத்துக்கு வந்து சேர்கிறவர்கள் சாவடிப் புளியமரங்களின் அடியில் மூன்றரை மணி வரை படுத்திருந்துவிட்டுத்தான் நடப்பார்கள். அன்று யாரும் படுக்கவில்லை. சாமி குடை பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நேராகக் காட்டுக்குள் இறங்கினார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பன்னிரண்டேகாலுக்கு, சாவடியிலிருந்து நூறடி தள்ளியிருந்த சிறுபாலத்தின் மீது ஏறி நின்றபோது, மேற்கே மலைக்கு மேல் ஒரு மேகம் எழும்புவதைப் பார்த்தேன். காலிபிளவர் போல விளிம்பு கூர்மையாக, பார்க்கப் பார்க்க உயர்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பென்சிலை நீட்டி உயரம் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் முறை அது ஒன்றரை மடங்காகியிருந்தது.

சாவடியில் சிக்னல் கிடையாது. அந்தப் பாலத்தின் மீது நின்றால் கிடைக்கும். அங்கிருந்தே முனிரத்தினம் சாருக்குப் போன் போட்டேன். பார்த்ததைச் சொன்னேன்.

"இடி கேட்டுச்சுங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்ப இடின்னு எழுதாதீங்க. சென்னையிலிருந்து இன்னும் ஒண்ணும் வரல. நான் ரூம்ல இருக்கறன், நீங்கதான் அங்க நிக்கறீங்க."

"சார், தடுப்பை இறக்கச் சொல்லலாம்னு பார்க்கறேன்."

அவர், "அது நம்ம வேலை இல்லைங்க. உங்களுக்கே தெரியும்" என்றார். பிறகு, "இறக்கினீங்கன்னா எத்தன மணிக்குன்னு எழுதிடுங்க" என்றார்.

திரும்பி வந்து தங்கவேலிடம் தடுப்பை இறக்கச் சொன்னேன். அவர் மேற்கே பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார். குறிப்பேட்டில் 12.40 என்று எழுதினேன்.

முதல் அரை மணி நேரத்தில் ஐம்பது பேர் சேர்ந்தார்கள். இரண்டு மணிக்கு முந்நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எங்கள் தலைக்கு மேல் வெறும் மெல்லிய வெள்ளை மேகம். மேற்கே எழுந்த கோபுரம் மரங்களின் உயரத்தால் சாலையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. பாலத்தின் மீது ஏறினால்தான் தெரியும். முந்நூறு பேரையும் பாலத்தில் ஏற்றிக் காட்ட முடியாது.

12.50க்கு வந்து சேர்ந்த ஒரு கூட்டம் கடத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. பதினெட்டுப் பேர். தலைமை தாங்கியவர் மாதையன், ஐம்பது வயதுக்கு மேல், மஞ்சள் பயிரிடுபவர். இருபது வருடமாக நடப்பதாகச் சொன்னார். அவருடைய தம்பி முருகேசன் லாரி ஓட்டுபவர், முதல் முறையாக வந்திருந்தார். பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்த மகளுக்காக வேண்டிக்கொண்டதை முடிக்க வந்தவர். யுகாதிக்கு மறுநாள் அவர் லோடு ஏற்ற நாமக்கல்லில் இருக்க வேண்டும்.

மாதையன் சண்டை போடவில்லை. என்னிடம் வந்து காரணம் கேட்டார். சொன்னேன். மேலே பார்த்துவிட்டு, இருபது வருடத்தில் இந்த மாதிரி நல்ல வானம் பார்த்ததில்லை என்றார். முருகேசன்தான் தங்கவேலிடம் வாதாடினார். யானையா, இல்லை. மழையா, இல்லை. பிறகு எதற்கு மூடினீர்கள் என்றார். தங்கவேல் என் பக்கம் திரும்பினார். என்னிடம் ஓர் எண்ணும் ஒரு மேகமும்தான் இருந்தன.

ஒன்றரை மணிக்கு அந்த மேகம் கரைய ஆரம்பித்தது. உச்சி தளர்ந்து, பஞ்சு பிரிந்த மாதிரி கிழக்கே சாய்ந்தது. அதை எழுதினேன். தடுப்பைத் தூக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். இந்த மாதிரி நாட்களில் முதல் கோபுரம் கரைந்தால் அதன் ஈரத்தில் இரண்டாவது இன்னும் பெரிதாக எழும் என்பதை முந்தைய வருடக் குறிப்புகளில் பார்த்திருந்தேன். ஆனால் எப்போது எழும் என்று அந்தக் குறிப்புகள் சொல்லவில்லை. தூக்கச் சொல்லவில்லை. தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, தங்கவேல் ஜீப்பை அனுப்பி டிரம்மில் கொண்டுவரச் செய்தார். ஒரு பெண் மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு இத்தனை பேரை வதைக்கிறார்கள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

இரண்டரை மணிக்கு, சாவடிக்குப் பின்னால் போகும் பழைய வண்டித் தடத்தில் நான்கு பேர் இறங்கிப் போனார்கள். முருகேசனும் அவர் ஊர்க்காரர்கள் மூவரும். அந்தத் தடம் சாலையைவிடக் குறுக்கு, ஆனால் ஒரு கரட்டு மேட்டின் மீது ஏறி இறங்கும். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு மாதையன்தான் வந்து சொன்னார், தம்பியைக் காணோம் என்று. தங்கவேல் இரண்டு காவலர்களைப் பின்னால் அனுப்பினார்.

3.15க்கு மேற்கே இரண்டாவது மேகம் எழுந்தது. அதைப் பென்சிலால் அளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 3.50க்கு முதல் இடி. 4.10க்கு மழை. காற்று முதலில் வந்து புளியமரக் கிளைகளைத் தரைக்கு வளைத்தது, பின்னால் ஆலங்கட்டி. முந்நூறு பேரும் சாவடிக் கட்டடத்திலும் வனத்துறைக் கொட்டகையிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் நெருக்கியடித்து நின்றார்கள். நாற்பது நிமிடம். முன்பு திட்டியவர்களில் ஒருவர் என் காலைத் தொட வந்தார், தடுத்துவிட்டேன். சாலையில் மூன்று இடத்தில் ஓடை பாய்ந்து, ஓர் இடத்தில் தார் பெயர்ந்து போயிருந்ததைப் பிறகு பார்த்தோம்.

5.20க்கு வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. கரட்டு மேட்டில் ஒரு மரத்தடியில் ஒதுங்கிய நால்வர் மீதும் இடி விழுந்திருக்கிறது. முருகேசன் அங்கேயே இறந்துவிட்டார். மற்ற மூவர் பிழைத்தார்கள். ஒருவருக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது.

மாதையனிடம் தங்கவேல் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மாதையன் துண்டை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மீது உட்கார்ந்தார். பிறகு, "அவன் பொண்டாட்டிக்கு யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் தங்கவேல் என்னிடம், முந்நூறு பேரைக் காப்பாற்றிவிட்டீர்கள் அக்கா என்றார். நான் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். சாவடியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சாலை வழியாக இரண்டே முக்கால் மணி நேர நடை. கடத்தூர்க் கூட்டம் வந்தது 12.50க்கு. தடுப்பு திறந்திருந்தால் 3.35க்கு அவர்கள் ஆற்றங்கரையில், கூரைக்கு அடியில் இருந்திருப்பார்கள். முதல் இடிக்குப் பதினைந்து நிமிடம் முன்பு. ஒன்றேகால் மணிக்குப் பிறகு வந்தவர்கள்தான் மழையில் மாட்டியிருப்பார்கள். அந்த முந்நூறில் முதல் எழுபது எண்பது பேரை நான் காப்பாற்றவில்லை. அவர்களில் ஒருவர்தான் இறந்துபோனார்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். முனிரத்தினம் சாரும் வந்திருந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, இடியே கேட்காதபோது எந்த அதிகாரத்தில் மூடினீர்கள் என்று நாளை செத்தவரின் வீட்டார் கோர்ட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பன்னிரண்டரைக்குத் தூரத்தில் இடி கேட்டதாக ஒரு வரி இருந்தால் உங்களுக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது என்றார். இரண்டு வரிகளுக்கு நடுவில் இடமும் இருந்தது.

எழுதியிருப்பேனா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று எனக்குப் பயமாக இருந்தது. பேனா என் கையில்தான் இருந்தது.

முனிரத்தினம் சார் என் முன்னாலிருந்து குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடைவெளி இருந்த இடங்களில் எல்லாம் சின்னதாகக் குறுக்குக் கோடு போட்டார். கையெழுத்திட்டார், நேரத்தையும் எழுதினார்.

"இருக்கறது இருக்கட்டுங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். "இடி கேக்கலைங்க. அந்தம்மா மேகத்தப் பார்த்து மூடச் சொன்னாங்க. அதுக்கு அவங்களுக்கு அதிகாரம் இல்ல. அதையும் அப்படியே எழுதிக்கலாம்."

அப்படியே எழுதினார்கள். எனக்கு மெமோ வந்தது: பணி வரம்பை மீறிய செயல், இனி நிகழக் கூடாது. சார் அதைத் தபால் புத்தகத்தில் போட்டு அனுப்பாமல் தானே என் மேசைக்குக் கொண்டுவந்தார். நான் எழுந்தேன், அவர் உட்காரச் சொல்லவில்லை. நான் கையெழுத்திட்டு நகலைத் திருப்பிக் கொடுக்கும் வரை அவரும் நின்றார். அடுத்த பங்குனியிலும் சாவடிக்கு என் பெயரைத்தான் எழுதி அனுப்பினார்.

வழக்கு எதுவும் வரவில்லை. வைகாசியில் ஒரு நாள் மாதையன் வந்தார். கடத்தூரிலிருந்து பஸ் பிடித்து, தர்மபுரியில் விசாரித்து விசாரித்து எங்கள் நிலையத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். மொட்டை அடித்த தலையில் முடி வளர்ந்திருந்தது. நாற்காலியைக் காட்டியும் வராந்தாப் படியில்தான் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கோணும்னு வந்தனுங்க அம்மா. அன்னைக்கி நாங்க வந்தப்பவே வுட்டிருந்தா, எந்தம்பி பொழச்சிருப்பானுங்களா?"

எனக்கு வேறு பதில்கள் தெரியும். தடத்தில் போனது அவர் தவறு. விதி. தெய்வத்தின் சித்தம். அல்லது அதைச் சொல்ல முடியாது என்று சொல்லலாம். அலுவலகத்துக்குள் முனிரத்தினம் சார் எழுதிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் தலை நிமிரவில்லை.

"ஆமாங்க" என்றேன். "பொழச்சிருப்பாரு. மழை வர்றதுக்குள்ள நீங்க ஆத்துக்குப் போயிருப்பீங்க. மழை வரும்னு எனக்குத் தெரிஞ்சுது, எப்ப வரும்னு தெரியலைங்க."

அவர் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"ஊர்ல எல்லாரும் அவன் விதின்னுட்டாங்க. பொண்டாட்டிகாரி மட்டும் சாமி குத்தம்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு மாசமா வெளக்கேத்தாம கெடக்குது. வேண்டுதல்ல ஏதோ கொற வெச்சுட்டோம்னு அதுக்கு நெனப்பு." மூச்சு விட்டார். "சாமி குத்தம் இல்ல, நேரக் கணக்குல தப்பிப்போச்சுன்னு போயி சொல்றன். நீங்க சொன்னதாவே சொல்லலாங்களா?"

"சொல்லுங்க. என் பேர் நூர்ஜஹான். பேரையும் சொல்லுங்க" என்றேன்.

கிளம்பவில்லை. இன்னும் ஒரு கேள்வி வைத்திருந்தார். அந்தக் காட்டில் பங்குனி மாதத்தில் எந்த நேரத்தில் இடி விழுவதில்லை என்று கேட்டார். இருபது வருடம் நடந்தவர் கேட்ட கேள்வி அது. நான் நான்கு வருடக் குறிப்புகளையும் எடுத்துவந்து படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடியாக நேரத்தைப் படித்தேன். இரண்டு மணிக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. காலையில் தாரும் சுடுவதில்லை. வெயிலுக்குப் பயந்து மூன்றரை வரை படுத்துவிட்டு நடப்பதால்தான் எல்லோரும் சரியாக இடி விழும் நேரத்தில் காட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் முழுதாக விளங்கியது. எண்கள் என்னிடம் இருந்தன. நடப்பவர்களின் நேரத்தோடு சேர்த்து வைத்து நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குத் தடுப்பு தூக்கும்போது சாவடியில் இருந்தால் ஒன்பது மணிக்கு ஆற்றங்கரை. அப்படி வர வேண்டுமானால் முந்தின ராத்திரி பென்னாகரத்தில் தங்க வேண்டும். அதற்கு ஊரிலிருந்து ஒரு நாள் முன்னதாகக் கிளம்ப வேண்டும். மாதையன் விரல் விட்டு எண்ணினார். ஒரு நாள் கூலி போகும், ஒரு நாள் சோறு கூடும், அதற்கு மேல் நஷ்டமில்லை என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் அவருடைய கூட்டம் மட்டும் காலை ஐந்தே முக்காலுக்குச் சாவடியில் நின்றது. அதற்கடுத்த வருடம் கடத்தூர்ப் பக்கத்து ஊர்கள் ஆறேழு. அவர் ஊர் ஊராகப் போய் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தம்பியின் பெயரைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்த உத்தரவும் யாரும் போடவில்லை. பென்னாகரத்தில் ஒரு கல்யாண மண்டபக்காரர் இரவில் படுக்க இடம் கொடுத்தார். பாப்பாரப்பட்டிக்காரர்கள் விடியற்காலையில் சாவடிக்கு அருகில் கம்பங்கூழ் ஊற்றத் தொடங்கினார்கள்.

முனிரத்தினம் சார் ஓய்வு பெற்று ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். போகும்போது என்னிடம் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, மழைமானியின் அளவுக் குடுவையில் ஒரு விரிசல் இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்றார்.

நான் கடைசியாகச் சாவடியில் இருந்த பங்குனியில், யுகாதிக்கு முந்தின நாள், ஈர வெப்பமானி மறுபடியும் நெருங்கி நின்றது. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எண்ணூறு பேருக்கு மேல் காட்டுக்குள் இறங்கினார்கள். மாதையன் அவர்களில் இருந்தார், முருகேசனின் மனைவியும் மகளும் அவர் பின்னால். அந்த அம்மா நின்று என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையசைத்தேன், அவரும் அசைத்தார், நடந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மேற்கே மேகம் எழுந்தது. தங்கவேல் வந்து, தடுப்பை இறக்கட்டுமா அக்கா என்று கேட்டார். இறக்கத் தேவையில்லை என்றேன். மூன்று மணிக்கு இடி கேட்டது, நேரத்தை எழுதினேன். பத்து நிமிடத்தில் மழை கொட்டியது. தடுப்புக் கட்டை தூக்கியபடியே இருந்தது. சாலை வளைவு வரை ஒரு மனிதரும் இல்லை.